மருந்தோடு பாடமும் கேட்டு வாங்குங்கள்

சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் வருஷம் முழுக்க டாக்டர் முன்னால் உட்காரும் நேரத்தைக் கூட்டினால் ஒன்றிரண்டு மணி நேரம் தேறினால் அதிகம். மற்ற நேரமெல்லாம் எதை எவ்வளவு சாப்பிடுவது, மாத்திரையை எப்போது போடுவது, காலில் வந்த கொப்புளத்தை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் அவரும் அவர் வீட்டாரும்தான். அந்த முடிவுகளைச் சரியாக எடுக்கக் கற்றுக்கொடுப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததே. ஆனால் மருந்துச் சீட்டை எல்லோரும் கேட்டு வாங்குகிறோம், பாடத்தைக் கேட்பதில்லை. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் கேட்காத பாடம் கிடைப்பதும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு இருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த நம் குமரி மாவட்டத்தின் சாப்பாடு பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சாப்பாடுதான் என்பதால், அந்த எண்ணை நாமும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. நடமாட முடியாதவர்களுக்குப் பெரிய உபகாரம் இது. நடமாட முடிந்தவர்களோ, ‘மாத்திரைதான் வருதே, ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?’ என்று இருந்துவிட வாய்ப்புண்டு. மாத்திரை வாசலுக்கு வரும். பாடத்தை நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

பாடம் கட்டாயம் கேட்க வேண்டிய சமயங்கள் நான்கு: நோய் இருப்பது தெரிந்தவுடன், அதன்பின் வருஷத்துக்கு ஒரு முறை, கண்ணிலோ காலிலோ சிறுநீரகத்திலோ புதுச் சிக்கல் வந்தால், இன்சுலின் தொடங்குவது அல்லது ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புவது போல வைத்தியம் மாறும்போது.

1. ஒரு டாக்டர், ஒரு நோட்டு

நாகர்கோவிலில் ஒருவர், தக்கலையில் ஒருவர், சந்தேகம் வந்தால் திருவனந்தபுரத்தில் இன்னொருவர் என்று அலைந்தால் உங்கள் முழுக் கதை யாருக்கும் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரோ, சாயங்காலம் வீட்டு முன்னறையில் பார்ப்பவரோ, ஒருவரை உங்கள் டாக்டராக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாலும் அந்தச் சீட்டை அவரிடம் காட்டுங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் பக்கத்தில் போடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். அடுத்த பக்கங்களில் தேதியோடு சர்க்கரை, பிரஷர், எடை. வைத்தியரிடமோ ஆசானிடமோ வாங்கும் கஷாயம், சூரணம், பாகற்காய்ச் சாறு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அவற்றை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. ஒரு வருகைக்கு ஒரு கேள்வி

“எப்படி இருக்கியோ?” என்று டாக்டர் கேட்க, “பரவாயில்ல டாக்டரே” என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. பழைய மாத்திரையே தொடரும். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “டாக்டரே, வெறும் வயித்துல நூத்திப் பத்துதான் இருக்கு. மத்தியானம் சாப்பிட்ட பொறவு இருநூத்தி அறுபது ஆவுது. சோத்தக் கொறைக்கணுமா, மாத்திரைய மாத்தணுமா?” இதற்குப் பதில் சொல்லாமல் அவர் நகர முடியாது.

பதில் கிடைத்ததும் எழுந்துவிடாதீர்கள். “நான் வெளங்குனதச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க” என்று திருப்பிச் சொல்லுங்கள். காலையில் ஒன்று, ராத்திரி பாதி என்பது தலைகீழாகப் பதிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டில் சமைப்பவரையும் ஒரு தடவையாவது கூட்டிப் போங்கள். கஞ்சியும் குழம்பும் அவர் கையில்தான் இருக்கின்றன.

3. உங்கள் எண் என்னவென்று கேளுங்கள்

பொதுவான இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 180க்குள். மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி 7க்குள். தனியாக இருக்கும் முதியவருக்கும் இதய நோயாளிக்கும் டாக்டர் இதைத் தளர்த்துவார். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம், அதையும் கேளுங்கள். உங்களுக்கான மூன்று எண்களையும் நோட்டின் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஸ்டிரிப்பைக் கண்ட நேரத்தில் செலவழிக்காதீர்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என ஜோடியாகப் பாருங்கள். இந்த வாரம் புட்டு, அடுத்த வாரம் மீன்குழம்புச் சோறு. எந்தச் சாப்பாடு சர்க்கரையை ஏற்றுகிறது என்பதை உங்கள் உடம்பே காட்டிக் கொடுத்துவிடும்.

4. உங்கள் தட்டைக் காட்டுங்கள்

அச்சடித்த டயட் சீட்டில் ஓட்ஸும் சப்பாத்தியும் இருக்கும், மரச்சீனிக்கிழங்கு இருக்காது. அதனால் நீங்கள் சாப்பிடும் தட்டை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கணக்கு எளிது: தட்டில் பாதி காய்கறி, கால்வாசி மீன், முட்டை, பயறு போன்றவை, மிச்சக் கால்வாசிதான் சோறு.

நம்மூர்த் தட்டில் வழுக்கும் இடங்கள் சில உண்டு. மரச்சீனியும் சேனையும் காய் கணக்கில் வராது. சோற்றோடு கிழங்கையும் வைத்தால் இரண்டு பங்கு சோறு தின்ற மாதிரிதான். சிவப்புச் சம்பா அரிசி நல்லதுதான், அதற்காகக் குவித்துப் போட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கருப்பட்டிக் காப்பியும் சர்க்கரைக் காப்பியே. புட்டுக்குப் பழமும் சீனியும் சேர்ப்பதை விட்டு, பயறு சேர்த்துச் சாப்பிடலாம். ‘ஒரு பழம்’ என்ற கணக்கிலும் ஏமாறாதீர்கள். ஒரு மட்டிப்பழமும் ஒரு ஏத்தன்பழமும் ஒன்றாகிவிடாது. கல்யாண வீட்டில் பிரதமனும் போளியும் வந்தால் ஏதாவது ஒன்றை ருசிக்கு எடுத்துக்கொண்டு, சோற்றைக் குறைத்துவிடுங்கள்.

சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் ஏறும் சர்க்கரை கொஞ்சம் அடங்கும். வாரத்துக்கு 150 நிமிஷம் நடை இலக்கு. ஆனி, ஆடி மழையிலும் ஐப்பசி மழையிலும் வராந்தாவிலேயே நடக்கலாம்.

5. மாத்திரையையும் ஊசியையும் கொண்டு போய்க் காட்டுங்கள்

வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டாகப் போடுகிறவர்கள் அங்கேயே பிடிபடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியவை மூன்று: சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, இது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்குமா. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை இறக்கும். மெட்பார்மின் தனியாக அப்படி இறக்குவது அபூர்வம்.

இன்சுலின் போடுபவர்கள் மருந்துக்குப்பியில் அச்சிட்ட எண்ணையும் சிரிஞ்சின் மூடி நிறத்தையும் பாருங்கள். நம் நாட்டுக் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தாலோ இரண்டரை மடங்கு போய்விடும். மருந்துக்கடையில் வாங்கும்போதே சரிபாருங்கள். டாக்டர் அல்லது நர்ஸ் முன்னால் ஒரு தடவை நீங்களே இழுத்துப் போட்டுக் காட்டுங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன இடத்தில் மருந்து சரியாகச் சேராது, இடம் மாற்றுங்கள்.

தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் போகிற நாளுக்கும் கூடுதலாக மருந்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலினை மீன் ஐஸுக்குள் புதைக்கக் கூடாது. உறைந்துவிட்டால் அந்த மருந்து உதவாது. துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாதபடி வைக்க வேண்டும்.

6. சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது?

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் முதல் வருகையிலேயே கேட்க வேண்டிய பாடம் இது. கை நடுக்கம், திடீர் வியர்வை, பசி, படபடப்பு, பேச்சுக் குழறல் எல்லாம் அடையாளங்கள். 70க்குக் கீழே போனால், மீட்டர் இல்லாவிட்டாலும் சந்தேகம் வந்தாலே, மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிஷம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். ஏறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுபவர்களுக்குச் சீனி மெதுவாகத்தான் வேலை செய்யும், அவர்கள் குளுக்கோஸ் பொடி வைத்திருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.

விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிறவர்களும் தங்கள் வேலை நேரத்தை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மரம் மரமாக நடந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? மாத்திரை நேரத்தை உங்கள் வேலைக்கு ஏற்ப அவர் மாற்றித் தருவார். சஷ்டி, ஏகாதசி, தவக்காலம், ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் ஒன்றிரண்டு மாதம் முன்பே பேசுங்கள். காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்தால் எந்த மருந்தை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது என்பதை நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

7. கால், கண், சிறுநீரகம்: வருஷத்துக்கு ஒரு தடவை

மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் சோதனை, கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை பார்ப்பது, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு. இவை வருஷாவருஷம் நடந்தாக வேண்டும். பிரஷரை ஒவ்வொரு வருகையிலும் பாருங்கள். பாதப் பரிசோதனைக்கென்றே அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லாத வசதிக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கண் சோதனைக்குத் துணைக்கு ஆள் வேண்டும், சொட்டு விட்டபின் கொஞ்ச நேரம் பார்வை மங்கும்.

வீட்டில் தினமும் ராத்திரி காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் போடலாம், விரலிடுக்கில் வேண்டாம். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வெந்து போவதுகூடத் தெரியாது. நேர்ச்சை, விரதம் என்று செருப்பில்லாமல் நடப்பவர்கள் போகுமுன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும்.

8. வருஷத்துக்கு ஆறு பாடம்

இரண்டு மாதத்துக்கு ஒரு வருகை என்று வைத்தால் ஒழுங்கு இப்படி: எண்கள், தட்டு, மருந்து, தாழ்சர்க்கரையும் காய்ச்சல் நாளும், கால்–கண்–சிறுநீரகம். ஆறாவது வருகையில் நோட்டை முதலிலிருந்து புரட்டி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுங்கள். சலிப்போ தூக்கமின்மையோ வாழ்க்கை வெறுத்த மாதிரி எண்ணமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். மனசு சோர்ந்தால் மாத்திரையும் தவறும்.

நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, ஒரு பக்கம் கை கால் விழுவது, நிற்காத வாந்தி, கறுத்துப்போன விரல், திடீரென்று மங்கிய பார்வை ஆகியவற்றுக்கு அடுத்த வருகை வரை காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

‘இவ்வளவும் கேட்டால் டாக்டர் கோபப்பட மாட்டாரா?’ என்று தயங்க வேண்டியதில்லை. கூட்டம் குறைந்த கிழமை எது என்று விசாரித்து அன்று போங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் நர்ஸிடம் கேளுங்கள், ஊசி போடவும் மீட்டர் பார்க்கவும் அவர் நிதானமாகச் சொல்லித் தருவார். நோட்டில் எண்களும் ஒரே ஒரு கேள்வியுமாக வருகிறவரிடம் பேச டாக்டருக்கு நேரம் குறைவாகத்தான் ஆகும்.