குடும்பப் பெயர்க் கட்டம் காலியா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து முதன்முறையாக வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்புகிறீர்களா? டிக்கெட் எடுக்கும் முன் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பாருங்கள். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் பெயர். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பள்ளிச் சான்றிதழில் ‘க. செல்வி’ என்று இருப்பவருக்கு, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகி ‘செல்வி’ மட்டும் நின்றுவிடும். துபாய் போகிறவர்களுக்கு இது பெரிய சிக்கல். சுற்றுலா விசாவில் ஒற்றைப் பெயரோடு வருவோரை ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அறிவிப்பு வந்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் தளர்வு உண்டு என்று பிறகு சொன்னார்கள். எதற்கு வம்பு? புதிதாக விண்ணப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் மதிப்பெண் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்தால், வெளிநாட்டு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை என்று காட்டும் ‘ஈ.சி.ஆர்.’ முத்திரை பாஸ்போர்ட்டில் விழாது.

நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம். சிங்கப்பூருக்குக் கட்டாயம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தது. ஆனாலும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இந்தச் சலுகைகள் மாறக்கூடியவை. அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா விசாவில் போய் அங்கேயே வேலையில் சேர்ந்துவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால், தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.