முதல் உறையில் தேவை, இரண்டாம் உறையில் விலை

2021ஆம் ஆண்டு, பள்ளிகள் மூடியிருந்த காலம். பெரம்பலூர் மாவட்டத்தில் எங்கள் பள்ளியில் படித்து, அரியலூரில் பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்ந்திருந்த மாணவி ஒருத்தியின் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"சார், பாப்பாவுக்கு லேப்டாப் வேணும்னு காலேஜ்ல சொல்றாங்க. நாலு ஆட்டை வித்து இருபத்தஞ்சாயிரம் வச்சிருக்கேன். எதை வாங்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க."

நான் கணக்கு ஆசிரியர். கொஞ்சம் கணினி தெரியும் என்ற பெயரும் ஊரில் உண்டு. அன்று மாலையே இணையத்தில் தேடி, தள்ளுபடியில் 22,000 ரூபாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னேன். பெயர் தெரிந்த நிறுவனம், மெல்லிய உடல், அழகான நிறம். அவர்களும் வாங்கிவிட்டார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த மாணவியின் தம்பி எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தான். ஒருநாள் என்னிடம் கேட்டான்: "சார், அக்கா லேப்டாப்புல ரேம் மாத்த முடியுமா? ரொம்ப மெதுவா ஓடுதாம். புராஜெக்ட் முழுக்கத் தோழியோட லேப்டாப்புலதான் செஞ்சாங்க."

முடியாது. அதன் ரேம் 4 ஜிபி, பலகையோடு பற்றவைக்கப்பட்டது. சேமிப்பகம் வெறும் 64 ஜிபி, அதுவும் எஸ்எஸ்டி அல்ல, இஎம்எம்சி. விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் போக மிச்சம் கொஞ்சம்தான். ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கும் மென்பொருளுக்கு 8 ஜிபி ரேமாவது வேண்டும். இவை எல்லாம் விளம்பரத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்தவைதான். நான் விலையை முதலில் பார்த்தேன், மற்றதைப் படிக்கவில்லை. அந்தப் பெண்ணோ மூன்று ஆண்டுகளில் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடவேளைகளை இதற்காக ஒதுக்கினேன். அதன் விவரத்தை இங்கே பகிர்கிறேன். ஏனெனில், "எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று பெற்றோர் கேட்காத ஆசிரியர் நம்மில் யாரும் இருக்க மாட்டோம்.

அரசு எப்படி வாங்குகிறது?

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். அதற்கான கணினிகளை எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி வழியாகக் கொள்முதல் செய்தது. அரசுக் கொள்முதலில் இரு உறை முறை என்று ஒன்று உண்டு. முதல் உறையில் பொருளின் தொழில்நுட்ப விவரங்கள், இரண்டாம் உறையில் விலை. முதல் உறையில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிறகு திறப்பார்கள். தேவைக்குப் பொருந்தாத பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதன் விலையை யாரும் பார்ப்பதில்லை.

வீட்டில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வகுப்பில் பழைய அஞ்சல் உறைகளைக் கொடுத்து, இதையே செயல்பாடாக்கினேன்.

முதல் பாடவேளை: வேலைகளை எழுதுதல்

ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மனிதர்: கல்லூரியில் வணிகவியல் படிக்கும் அக்கா, கணினி அறிவியல் படிக்கும் அண்ணன், தொடக்கப் பள்ளி ஆசிரியை, மக்காச்சோள வியாபாரி, காணொலி தொகுக்கும் புகைப்படக்காரர். அவர் கணினியில் என்ன வேலை செய்வார், எங்கே வைத்துச் செய்வார், எத்தனை ஆண்டு வைத்திருப்பார் என்பதை மட்டும் எழுத வேண்டும். நிறுவனத்தின் பெயரோ விலையோ எழுதக் கூடாது.

பிள்ளைகள் எழுதியவற்றில் நான் எதிர்பாராதவையும் இருந்தன. "பஸ்ல தினமும் தூக்கிட்டுப் போகணும், எடை குறைவா இருக்கணும்." "எங்க ஊர்ல சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டோரம் வீடு, தூசி அதிகம்." "கரண்ட் அடிக்கடி போகும், பேட்டரி நிக்கணும்." தூசி பற்றிச் சொன்னது மிகச் சரி. மடிக்கணினியின் விசிறி வழியே தூசி சேர்ந்தால் சூடு வெளியேறாது. சூடு ஏறினால் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடிப்பக்கத்தைத் திருகாணி கழற்றித் திறந்து தூய்மை செய்ய முடிகிற கணினி எங்கள் ஊர்களுக்கு ஏற்றது.

இந்த வேலைகளிலிருந்து முதல் உறைக்கான தேவைப் பட்டியல் உருவானது. பொதுவான கல்லூரிப் படிப்புக்கும் ஆசிரியர் பணிக்கும் நாங்கள் எழுதியது இது: ரேம் குறைந்தது 8 ஜிபி, பின்னாளில் கூட்ட ஒரு ஸ்லாட். எஸ்எஸ்டி சேமிப்பகம், 256 ஜிபிக்குக் குறையாமல், முடிந்தால் 512. நிரல் எழுதுபவருக்கும் காணொலி தொகுப்பவருக்கும் ரேம் 16 ஜிபி.

இரண்டாம் பாடவேளை: விவரப் பட்டியலில் உள்ள கணக்கு

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், விற்பனைக்கு உள்ள சில மடிக்கணினிகளின் விவரப் பட்டியலைத் திரையிட்டேன். இங்கே பாடநூல் கணக்கு தானாகவே வந்துவிட்டது.

அடுக்குகள்: 512 ஜிபி என்று விற்கப்படும் கணினி விண்டோஸில் 477 என்றுதானே காட்டுகிறது, மீதி எங்கே போனது? தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்பதை 10⁹ பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 2³⁰ பைட் என்று கணக்கிடுகிறது. 512 × 10⁹ஐ 2³⁰ ஆல் வகுத்தால் 476.8. யாரும் ஏமாற்றவில்லை, அலகுதான் வேறு.

பிதாகரஸ் தேற்றம்: 15.6 அங்குலத் திரை என்பது மூலைவிட்டம், அதாவது 39.6 செ.மீ. பக்க விகிதம் 16:9 எனில் அகலம் சுமார் 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. பிள்ளைகள் தங்கள் புத்தகப்பையை அளந்து, 14 அங்குலம்தான் அதில் அடங்கும் என்று கண்டுபிடித்தார்கள்.

வகுத்தல்: மின்கலத்தின் அளவு வாட்-மணியில் இருக்கும். 42 வாட்-மணி மின்கலம் உள்ள கணினி 7 வாட் செலவழித்தால் 6 மணி நேரம் ஓடும், 14 வாட் செலவழித்தால் 3 மணி நேரம்தான். விளம்பரத்தில் உள்ள மணிக்கணக்கு பெரும்பாலும் குறைந்த வெளிச்சத்தில், இலேசான வேலையில் அளந்தது.

எண் வரிசை: ஐ3யைவிட ஐ5 எப்போதும் உயர்ந்தது என்று வகுப்பில் எல்லோரும் நம்பினார்கள். ஐ5-4300யு என்பது நான்காம் தலைமுறை, ஐ3-1215யு என்பது பன்னிரண்டாம் தலைமுறை. கோட்டுக்குப் பின்னுள்ள எண்ணின் தொடக்கம் அதைச் சொல்லும். பழைய ஐ5ஐவிட இந்தப் புதிய ஐ3 வேகமானது. அண்மையில் வரும் புதிய பெயர் வரிசைகளுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. அவற்றுக்குச் செயலி வெளிவந்த ஆண்டைத் தேடிப் பார்க்கச் சொன்னேன்.

மூன்றாம் பாடவேளை: விலை உறையைத் திறத்தல்

தேவைப் பட்டியலில் தேறிய கணினிகளின் விலையை மட்டும் இப்போது பார்த்தோம். எடுத்துக்காட்டுக்காக நான் கொடுத்த எண்கள்: தேவையைக் கிட்டத்தட்ட மட்டும் நிறைவு செய்யும் 'அ' 28,000 ரூபாய், மூன்று ஆண்டு உழைக்கும். ரேம் கூட்டக்கூடிய 'ஆ' 38,000 ரூபாய், உத்தரவாத நீட்டிப்புக்கு 4,000 ரூபாய், ஆக 42,000. 'ஆ' எத்தனை ஆண்டு உழைத்தால் இரண்டும் சமம்?

28,000ஐ 3 ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 9,333. 42,000ஐ அதனால் வகுத்தால் நாலரை. நாலரை ஆண்டுக்கு மேல் உழைத்தால் 'ஆ'தான் மலிவு.

"எத்தனை வருஷம் உழைக்கும்னு வாங்கும்போதே எப்படிச் சார் தெரியும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தெரியாது. எந்த நிறுவனத்தின் கணினியும் பழுதாகலாம். ஆனால் பழுதானால் என்ன ஆகும் என்பதை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நம்பகமான கணினி என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கி.மீ. சேவை மையம் அங்கேதான் என்றால் கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள். கூலி வேலை செய்பவருக்குப் பேருந்துக் கட்டணத்தோடு இரண்டு நாள் கூலியும் போகும். உத்தரவாதம் இரண்டு வகை: நாம் எடுத்துச் செல்ல வேண்டியது, அவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பது. இரண்டாம் வகை என்றாலும், "எங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு வருவீர்களா?" என்று நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுவிட வேண்டும். பிள்ளைகள் இந்தக் கேள்வியைத் தேவைப் பட்டியலிலேயே சேர்த்தார்கள்.

பழைய கணினி வாங்கலாமா?

பணம் குறைவாக உள்ளவர்கள் பழைய கணினி வாங்குவதில் தவறில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை ஏற்பதில்லை. அதற்கு முந்தையதை வாங்கினால் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தத் தயாராக இருக்க வேண்டும். நம் மாணவர்களின் விலையில்லா மடிக்கணினிகளில் இருந்த பாஸ் லினக்ஸ் பலருக்கு நினைவிருக்கும்.

வாங்கும் நாளில்

பெட்டி, கணினி, ரசீது மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, உத்தரவாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்று பாருங்கள். கணினியிலும் சார்ஜரிலும் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் குறியீடு, 'ஆர்' எண்ணோடு இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்பதை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். ஜிஎஸ்டி ரசீதை வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிட அந்த ரசீதுதான் துணை.

அந்த மூன்றாம் பாடவேளையின் முடிவில், 2021இல் நான் சொன்ன கணினியின் விவரப் பட்டியலையும், எந்தக் கணினி என்று சொல்லாமல், திரையில் காட்டினேன். ஐந்து குழுக்களும் முதல் உறையிலேயே அதைத் தள்ளிவிட்டன. பிறகுதான் அதைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று சொன்னேன். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "அக்காகிட்ட சொல்லட்டுமா சார்?" என்று கேட்டான். "வேண்டாம், நானே சொல்றேன்" என்றேன்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு இலேசான லினக்ஸ் ஒன்றை நிறுவிக் கொடுத்தேன். தட்டச்சுக்கும் இணையத்துக்கும் இப்போது அது ஓடுகிறது. தம்பிக்கு அது போதும். அக்கா முதல் சம்பளத்தில் புதியது வாங்குவதற்காகத் தேவைப் பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள். அதில் முதல் வரி, "ரேம் ஸ்லாட் இருக்கா?"

உங்கள் வகுப்பிலும் இதைச் செய்து பாருங்கள். மடிக்கணினிதான் வேண்டும் என்றில்லை. மிதிவண்டி, தண்ணீர் மோட்டார், கைப்பேசி என எதை வைத்தும் செய்யலாம். இரண்டு பழைய உறைகள் போதும்.