கீசரைக் கழற்ற மொட்டைமாடித் தொட்டியைக் காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: காட்டுப்பாக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில், முதல் மாடியில் இருக்கிறோம். பாத்ரூமில் புது டைல்ஸ் ஒட்டப்போவதால், சுவரில் உள்ள 25 லிட்டர் கீசரை இரண்டு வாரத்துக்குக் கழற்றிவைக்க வேண்டும். வந்து பார்த்த பிளம்பர், “மேல டேங்க்கைக் காலி பண்ணாத்தான் கை வைப்பேன்” என்கிறார். எட்டு வீட்டுக்கும் பொதுவான தொட்டி அது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி ஏற்றுகிறோம். லண்டனில் இருக்கும் என் மகன், ஹீட்டிங் குழாய்களில் உள்ள தண்ணீரை வடிக்காமலே பாத்ரூம் ரேடியேட்டரைக் கழற்றினானாம். இங்கே அது முடியாதா?
– ஒரு வாசகி, காட்டுப்பாக்கம்

பதில்: தாராளமாக முடியும். ரேடியேட்டரில் வெந்நீர் ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி பாய்லருக்கே திரும்பும். அதனால் இரண்டு பக்கமும் வால்வு இருக்கும். இரண்டையும் மூடிவிட்டால், ரேடியேட்டருக்குள் நிற்கும் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டு கழற்றிவிடலாம். உங்கள் மகன் அதைத்தான் செய்திருப்பார். கீசருக்கும் தண்ணீர் வர இரண்டு வழி உண்டு. நாம் ஒன்றைத்தான் நினைவில் வைக்கிறோம். வம்பு மற்றதில் வருகிறது.

முதல் வழி, தொட்டியிலிருந்து இறங்கி இன்லெட் ஆங்கிள் காக் வழியாக வருவது. இரண்டாவது வழி மிக்ஸர். ஹேண்ட் ஷவரை அதன் முனையில் மட்டும் நிறுத்திவிட்டு, மிக்ஸரின் இரண்டு பிடிகளையும் திறந்தே விட்டிருந்தால், பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து, கழற்றிய அவுட்லெட் வழியாகக் கொட்டும். மிக்ஸரின் உள்பாகம் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

உங்கள் பிளம்பரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. போர் தண்ணீரின் உப்பு ஏறி, பல வருஷமாகத் திருப்பாத ஆங்கிள் காக் இறுகிப்போயிருக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கழுத்தோடு உடையும். தொட்டிக்கும் உங்கள் குழாய்க்கும் பத்து மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். பீய்ச்சும் தண்ணீரைக் கையால் அடைக்க முடியாது.

ஆகவே முந்தின நாளே சோதித்துவிடுங்கள். இன்லெட் காக்கைக் கையால் மூடி, வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் மெலிந்து நின்றால் காக் பிடிக்கிறது என்று அர்த்தம். நிற்கவில்லை என்றாலும் தொட்டியைத் தொட வேண்டாம். மொட்டைமாடியில், உங்கள் பாத்ரூமுக்கு இறங்கும் லைனில் வால்வு இருக்கும். அதை மூடினால் போதும். அந்த ஒரு குழாயில் நிற்கும் தண்ணீர்தான் வடியும். மேல், கீழ் வீடுகளும் அதே லைனில் இருக்கலாம் என்பதால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பழைய காக்கை எடுத்துப் புதியதைப் பொருத்தி மூடிவிட்டு, லைனை உடனே திறந்துவிடலாம்.

கழற்றும் நாளில் முதல் வேலை மின்சாரம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எம்சிபியை இறக்கி, பிளக்கையும் பிடுங்குங்கள். முந்தின இரவே அணைத்துவிடுங்கள்; அப்படியும் காலையில் உள்ளே தண்ணீர் சூடாகவே இருக்கலாம், வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். இன்லெட்டை மூடி, கீழே பக்கெட் வைத்து, கீசர் பக்கம் உள்ள கனெக்‌ஷன் பைப்பைத் தளர்த்துங்கள். சொட்டுச் சொட்டாக வந்து நின்றால் கீசர் காலி என்று நினைக்காதீர்கள். இளநீர் ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் அடைத்தால் உள்ளே நீர் தொங்கி நிற்குமே, அதுதான் இது. அவுட்லெட் பைப்பையும் கழற்றிவிடுங்கள். காற்று நுழைந்ததும் இன்லெட் வழியாகக் குபுகுபுவென்று இறங்கும். இதை விட்டுவிட்டுத் தூக்கினால், 25 கிலோ தண்ணீரைச் சேர்த்துத் தூக்குகிறீர்கள். காலியான பிறகும் இரண்டு பேர் பிடித்தே கொக்கியிலிருந்து இறக்குங்கள்.

பிறகு சுவரில் உள்ள இன்லெட், அவுட்லெட் இரண்டு முனையிலும் டெஃப்லான் டேப் சுற்றி மூடி போடுங்கள். அவுட்லெட்டைச் சும்மா விட்டால்தான், முன்பு சொன்ன மிக்ஸர் வழி வம்பு. டைல்ஸ் வேலை முடிந்தும் கீசர் மாட்டத் தாமதமானால், ஒரே கனெக்‌ஷன் பைப்பால் இரண்டு முனையையும் இணைத்துவிடுங்கள். வெந்நீர்ப் பிடியைத் திறந்தாலும் பச்சைத் தண்ணீர் வரும்; கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே சுடும் என்பதால் அது குறையாகத் தெரியாது. பழைய டைல்ஸ் மேலேயே புதிது ஒட்டினால் சுவர் கனம் கூடி, குழாய் வாய் உள்ளே போய்விடும். எக்ஸ்டென்ஷன் நிப்பிள் தேவைப்படும் என்று கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஒரே விதி: தண்ணீர் முதலில், கரண்ட் பிறகு. இன்லெட்டைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று சீறி அடங்கித் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச். தண்ணீர் இல்லாத கீசரில் போட்டால் ஹீட்டிங் எலிமென்ட் எரிந்துபோகும்.

புது ஆங்கிள் காக்கைப் பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒருமுறை மூடித் திறந்துவையுங்கள். அடுத்த முறை வருகிற பிளம்பர் மொட்டைமாடியைப் பார்க்க மாட்டார்.