மறதிநோய் உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால்: தென்காசிப் பக்கத்து வீடுகளுக்குச் சில குறிப்புகள்

இந்தியாவில் 60 வயதைக் கடந்த 100 பேரில் ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நம் பக்கத்திலோ "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். கொஞ்சம் முற்றினால் "கோட்டி" என்கிறோம். இரண்டுமே தப்பு.

1. சொதியில் உப்புப் போட மறந்தால் அது வயது. காலமெல்லாம் சொதி வைத்த கை, முதல் பாலைக் கடைசியில் ஊற்ற வேண்டும் என்பதே தெரியாமல் அடுப்படியில் திகைத்து நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

2. எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, என்றோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த ரத்தம் எல்லாமே மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சளிக்கும் தூக்கத்துக்கும் போடும் சில மாத்திரைகள்கூடக் குழப்பும். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

3. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் உளறினால், சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைவாகவோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

4. இறந்துபோன தாத்தாவை "அவுக இன்னும் வரலையா?" என்று ஆச்சி கேட்பாள். "அவுக செத்துப் பல வருஷமாச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னால், ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புதுச் சாவு. "தாத்தா கடைக்குப் போனா ஒங்களுக்கு என்ன வாங்கிட்டு வருவாவ, ஆச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நல்ல பக்கம் திரும்பிவிடும். இதைப் பொய் என்று நினைக்க வேண்டாம்.

5. "என் சங்கிலிய மருமவ எடுத்துட்டா" என்பது நோயின் பேச்சு. வைத்த இடம் மறந்துபோனதும், யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மூளை முடிவுகட்டுகிறது. சண்டைக்குப் போகாமல் கூடச் சேர்ந்து தேடுங்கள். அரிசிப் பானை, தலையணை உறை, பழைய டிரங்குப் பெட்டி ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

6. அந்தி சாய்ந்ததும் பலருக்குப் படபடப்பு கூடும். சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போவோம்" என்பார்கள். ஆனி, ஆடிச் சாரலில் மேகம் மூடிச் சீக்கிரமே இருட்டிவிடும். அதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள்.

7. சீசனில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவதென்றால் விடியற்காலையில் போங்கள். அருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். ஆகவே மறதியுள்ள தாத்தாவோடு ஆச்சி மட்டும் போனால், ஆண்கள் கூட்டத்துக்குள் அவர் தனியாள். மகனோ பேரனோ கையைப் பிடித்திருக்க வேண்டும். புறப்படும்போதே அன்றைய உடுப்போடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் போலீஸிடம் காட்ட உதவும். ஃபோன் நம்பரைச் சட்டையின் உட்புறம் தைத்துவிடுங்கள். பையில் வைத்த சீட்டு நனைந்துபோகும். அருவி இரைச்சலில் மிரண்டால் இழுத்துப்போய் நிறுத்தாதீர்கள். ஓரமாக உட்காரவைத்துச் சாரல் படவிட்டால் போதும்.

8. ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

9. காது மந்தமா, கண்ணில் புரையா, பார்த்துச் சரிசெய்யுங்கள். காது சரியாகக் கேட்காததால் வரும் குழப்பத்தையும் மறதிக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

10. பென்ஷன், பேங்க், பத்திர விவகாரங்களை அவருக்குத் தெளிவு இருக்கும்போதே, அவர் விருப்பத்தைக் கேட்டு ஒழுங்குபடுத்துங்கள்.

11. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு: வீடியோ காலில் "நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைக்காமல் உங்கள் பெயரை நீங்களே சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் ஒரே ஒரு மகளோ மருமகளோதான். அவருக்கு யோசனை சொல்வதைவிட, பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டு வந்து ஒரு வாரம் ராத்திரிக் காவலை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் தூங்கட்டும். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. அதைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு ஊருக்குத் திரும்புங்கள்.