புது எஸ்.யூ.வி.க்கு எது வேணும், எது வேண்டாம்?

எங்க வீடு பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில், நாத்தனார் வீடு இடுக்கிப் பக்கம் வண்டன்மேட்டில். ஒரே வருஷத்தில் இரண்டு வீட்டுக்கும் புது வண்டி வந்தது. நாங்கள் ஷோரூமிலேயே 'ஆக்சஸரீஸ் பேக்கேஜ்' என்று 38,000 ரூபாயைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டினோம். நாத்தனாரோ வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். ஒரு மாசம் கழித்து, எது இல்லாமல் சிரமப்பட்டாரோ அதை மட்டும் வாங்கி 12,000 ரூபாய்க்குள் முடித்துவிட்டார். நாங்கள் பட்டது, அவர் மிச்சம் பிடித்தது இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன் தோழிகளே.

1. பேக்கேஜ் விலையை மொத்தமாகக் கேட்காதீர்கள், ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைந்த பிறகு, "அதான் வண்டியில மிச்சமாயிடுச்சே மேடம்" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு பொள்ளாச்சியிலோ கம்பத்திலோ இரண்டு கடை ஏறி இறங்கினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

2. மேட்டில் அழகு பார்க்க வேண்டாம். இடுக்கிப் பக்கம் மழை ஏழெட்டு வாரத்துக்கு ஓயாது. ஓரம் தூக்கிய ரப்பர் மேட்தான் சரி, எடுத்து உதறி ஹோஸ் பைப்பில் கழுவிவிடலாம். தைத்துப் பொருத்தும் 7டி மேட்டுக்கு அடியில் ஈரம் தங்கினால் வண்டி முழுக்க நாறும். துணி மேட்டின் மேல் இன்னொரு மேட் போடவே கூடாது: எங்களுக்கு அது சுருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் நின்றது, நல்லவேளை வீட்டு வாசலிலேயே தெரிந்தது.

3. சீட் கவர் வாங்கும் முன் முன்சீட்டின் கதவோரப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். 'ஏர்பேக்' என்று சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தால், அந்த இடத்தில் பிரியும் தையல் போட்ட கவர்தான் வாங்க வேண்டும். சாதாரணக் கவர் பையை விரியவிடாமல் தடுக்கும். அப்புறம் ரெக்சின். பாலக்காட்டு மார்ச் மாச வெயிலில் நிறுத்திய வண்டியில் அது தோசைக்கல்தான். நாங்கள் போட்டது இப்போது பரணில் இருக்கிறது, சீட்டில் இருப்பது துவைத்துப் போடும் பருத்திக் கவர்.

4. கூலிங் ஃபிலிம் விஷயத்தில் எல்லையோரக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். 2012இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமே கூடாது என்றது. பிறகு விதி மாறியதால், முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வந்தால் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னது. சூட்சுமம் என்னவென்றால், கம்பெனிக் கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி 75 சதவீதம் விட்டு, அதன் மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் உள்ளே வருவது 38கூட இல்லை! பக்கத்துக்கு 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் கணக்கு 52இல் நிற்கும். சதவீதம் எழுதிய பில்லை வண்டியிலேயே வையுங்கள். வாளையாறு தாண்டினால் தமிழ்நாட்டுப் போலீஸுக்குக் கேரளத் தீர்ப்பைச் சொல்லிப் புரியவைக்க நேரம் ஆகலாம்.

5. பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இடி வாங்கும் விதமே மாறிப்போவதால் ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம்.

6. யோசிக்காமல் வாங்க வேண்டியவை இரண்டு: மட் ஃபிளாப், டோர் வைசர். சேறு பக்கவாட்டில் அப்பாது. மழையிலும் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கிவைக்கலாம்.

7. மலைக்குப் பனிமூட்ட விளக்கு தேவைதான், ஆனால் எல்.இ.டி. பட்டை அல்ல. போடிமெட்டில் பனி இறங்கும்போது ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். வெளிச்சம் தாழ்ந்து ரோட்டில் விழணும். உங்கள் மாடலின் உயர்ந்த ரகத்தில் ஃபாக் லேம்ப் இருந்தால், அதே கம்பெனி கிட்டை ஒயரை வெட்டாமல் கப்ளரில் மாட்டச் சொல்லுங்கள். கண்ணாடி உள்பக்கம் ஆவி படிகிறதா? வீட்டுக்காரர் ஷேவிங் ஃபோமில் ஒரு சொட்டு தடவி, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

8. சிகரெட் லைட்டர் குழியில் சொருகும் காற்றடிக்கும் மெஷின் நல்ல முதலீடு. காலையில், வண்டி எடுக்கும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்தால்தான் கணக்குச் சரி. கையோடு ஸ்டெப்னியையும் பாருங்கள்: இப்போது பல எஸ்.யூ.வி.யில் அது மற்ற நாலை விடச் சின்னது, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

9. காசில்லாத ஆக்சஸரி: ஒரு சதுரப் பலகை, இரண்டு மர ஆப்பு. ஈரமண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்கப் பலகை. மேட்டில் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஆப்பு. கல்லை அண்டை கொடுத்துவிட்டு அப்படியே நடுரோட்டில் விட்டுப்போகும் மகராசர்களைப் போல நாம் இருக்க வேண்டாமே.

10. டேஷ்கேமில் பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் உள்ளதாகக் கேளுங்கள். வெயிலில் பேட்டரி உப்பிவிடும்.

11. டிக்கி மேட்டுக்கு 2,000 ரூபாயா? கல்யாண ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை அளவாக வெட்டி, எழுத்து கீழே போகும்படி விரியுங்கள். பலாப்பழப் பாலோ தயிர்ப் பாத்திரமோ கொட்டினாலும் துடைத்தால் போச்சு.

12. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. எங்க சின்னவன் ஆறாவதிலேயே முகம் வெளுப்பான். இறுக்கமான மூடி போட்ட ஐஸ்க்ரீம் டப்பா இரண்டு, கீறிய எலுமிச்சம்பழம், ஈரத்துண்டு, மூன்றையும் முன்சீட்டுக்குப் பின்பையில் வையுங்கள். அப்படியும் சீட்டில் பட்டுவிட்டால் சமையல் சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டிவிடுங்கள்.

13. பெல்ட் போடாமல் அலாரத்தை ஏமாற்றும் கிளிப்பை யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்; 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்தே அதை எடுக்கவைத்தது. காசைக் குழந்தை சீட்டில் போடுங்கள். வண்டியில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள்.

14. அறுப்பு முடிந்ததும் வயல் எலிகள் பானெட்டுக்குள் குடியேறும். வைக்கோல் போர் பக்கம் நிறுத்தாதீர்கள். பின்சீட்டில் முறுக்குத்தூள் கிடக்கவிடாதீர்கள். எங்க தெருவில் புகையிலைக் காம்பைத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிடுகிறார்கள். எஞ்சின் சூட்டில் படாத இடமாகப் பார்த்துக் கட்டணும்.

15. மாட்டிய எல்லாவற்றுக்கும் பில் வாங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காத ஸ்டீரியோ திருட்டுப் போனால் க்ளெய்ம் கிடைக்காது.

16. கூரைக் கம்பி பல மாடல்களில் வெறும் அலங்காரம். எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றணும். நாங்கள் அதற்கு மேல் கேரியர் வேறு போட்டோம். இரண்டு வருஷத்தில் அதில் ஏறியது ஒரே ஒரு வாழைத்தார், அதுவும் டிக்கியில் இடம் இருந்தபோது.