சுவரில் இல்லாததை ஃபோட்டோஷாப் தராது

“ஃபோட்டோஷாப்ல போட்டா பழைய கலர் அப்படியே வந்துரும் சார்.” பனமலை ஓவியத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். எடிட்டிங் கற்க வரும் பிள்ளைகள் சொல்கிறார்கள். கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள் சொல்கிறார்கள். கோயில் பார்க்க வரும் படித்தவர்களும் தயங்காமல் சொல்கிறார்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கேமராவோடு இந்தப் பக்கம் வருகிறவர்கள் பலர். அவர்கள் வழியாக இந்தப் பேச்சும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

வராது. எந்த மென்பொருளிலும் வராது.

செஞ்சிக்குத் தெற்கே பனமலையில் ஏரிக்கரைக் குன்றின்மேல் நிற்கும் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டியவன் பல்லவ மன்னன் இராசசிம்மன். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எழுப்பியவனும் அவனே. காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள துணைச் சன்னதி ஒன்றின் சுவரில், குடைநிழலில் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று சிவனின் ஆடலைப் பார்க்கிறாள் உமை. மகுடமும் முகத்தின் சாய்வும் இன்றும் தெரிகின்றன. அவள் பார்க்கும் ஆடலோ பெரும்பாலும் அழிந்துவிட்டது. உமையின் உருவத்திலும் சாந்து உதிர்ந்த இடங்கள் உண்டு.

சாந்து உதிர்ந்த இடத்தைப் படமெடுத்தால் படத்தில் என்ன இருக்கும்? கல் இருக்கும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள்தான். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நீங்கள் இழுக்கும் ஸ்லைடர் எதுவானாலும் அந்த எண்களைக் கூட்டிக் குறைக்கிறது, பெருக்குகிறது, இடம் மாற்றுகிறது. கல்லின் எண்களை எவ்வளவு பெருக்கினாலும் கல்தான் இன்னும் பளிச்சென்று தெரியும். 1,300 ஆண்டுகளுக்கு முன் அங்கே பூசிய காவி அந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கவில்லை. இந்த எளிய கணக்கை யோசிக்காமல் ‘வந்துவிடும்’ என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

உடனே ஒரு எதிர்வாதம் வரும்: “பாறை ஓவியங்கள்ல கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியுதே?” உண்மைதான். ஜான் ஹார்மன் என்பவர் உருவாக்கிய டிஸ்ட்ரெட்ச் என்ற கருவி அதைச் செய்கிறது. செயற்கைக்கோள் படங்களுக்காகப் பிறந்த கணக்குமுறையை அவர் பாறை ஓவியங்களுக்குக் கொண்டுவந்தார். நம் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலை, செத்தவரை போன்ற இடங்களில் மங்கிப்போன செங்காவிக் கோடுகளைப் பிரித்துக் காட்ட ஏற்ற கருவி அது. ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று கேட்க வேண்டாமா? காவி இன்னும் பாறையில் ஒட்டியிருக்கிறது. பாறைக்கும் காவிக்கும் நடுவிலுள்ள நிற வேறுபாடு நம் கண்ணுக்குப் போதவில்லை, எண்களில் இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் கருவி இழுத்து அகலமாக்குகிறது. திரையில் வரும் பச்சையும் ஊதாவும் ஓவியன் தொட்டவை அல்ல, கணக்கு கொடுத்த நிறங்கள். மங்கியதைத் தெளிவாக்கலாம், உதிர்ந்ததை மீட்க முடியாது. பனமலையிலும் அப்படித்தான்: சாயம் தங்கியிருக்கும் இடத்தில் கோட்டைக் கூர்மையாகப் பார்க்க மென்பொருள் உதவும், வெறும் கல்லில் உதவாது.

வெற்றிடத்தை ‘நிரப்பும்’ கருவிகள் வேறு வகை. குளோன் ஸ்டாம்ப் பக்கத்திலிருக்கும் துண்டை நகலெடுத்து ஒட்டுகிறது. 2002-இல் ஃபோட்டோஷாப் 7-இல் வந்த ஹீலிங் பிரஷ், ஒட்டியதைச் சுற்றுப்புறத்தோடு இழைத்துவிடுகிறது. 2010-இல் கன்டென்ட் அவேர் ஃபில் வந்தது. இடம்பார்த்துத் தானே நிரப்பும். 2023-இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில், வேறு எங்கெங்கோ உள்ள எண்ணற்ற படங்களில் கற்றதை வைத்துப் புதிதாக ஒன்றை வரைந்து வைக்கிறது. உமையின் உருவம் அழிந்த இடத்தில் அதைக் கேட்டால் அழகான பாதம் வரும், கொலுசும் வரும். பல்லவ ஓவியன் வரைந்த பாதம் அது இல்லை. அந்தப் படத்தை ‘மீட்கப்பட்ட பனமலை ஓவியம்’ என்று எழுதிச் சுற்றுக்கு விடுவது பொய் சொல்வதாகும். அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் கோயிலில் உண்மையான சுவரைக் கண்டு ஏமாந்துபோவார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இந்த நம்பிக்கை எடிட்டிங் கற்க வருகிறவர்களைத்தான் முதலில் கெடுக்கிறது. “எடிட்டிங்ல பாத்துக்கலாம்” என்று அலட்சியமாகப் படமெடுக்கிறார்கள். ஃபிளாஷ் அடித்து முகம் வெளுத்த படத்தைக் கொண்டுவந்து “சரி பண்ணிக் கொடுங்க” என்கிறார்கள். மூன்று எண்களும் 255-ஐத் தொட்டு நின்றுவிட்டால் அங்கே விவரம் என்று எதுவும் மிச்சமில்லை. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா கோப்பில், அது 14 பிட் என்றால், 16,384 படிகள். அதனால்தான் ராவில் எடுத்த படத்தின் நிழற்பகுதியைப் பெருமளவு தூக்கிவிட முடிகிறது. அதிலும் முற்றாக வெளுத்த இடம் திரும்பாது. ஆகவே முதலில் கற்க வேண்டியது, படத்தின் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் படிப்பது. அந்த வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிற படத்தைக் கேமராவிலேயே பார்த்துக் கண்டுபிடித்து, அங்கேயே மறுபடி எடுக்க வேண்டும்.

எடிட்டிங் கற்பது பற்றிய மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. ‘எல்லா டூலும் தெரிந்த பிறகுதான் வேலை தொடங்க முடியும்’ என்பது தவறு. வருடக்கணக்கில் இதே தொழிலில் இருப்பவர்கள்கூடச் சில கருவிகளைத் தொட்டதே இல்லை. லேயர், மாஸ்க், கர்வ்ஸ், கிராப் இந்த நான்கும் கைக்கு வந்தால் பழைய குடும்பப் படத்தைத் திருத்தவும் கோயில் படத்தை ஒழுங்காக்கவும் போதும். ‘பணம் கட்டாமல் கற்க முடியாது’ என்பதும் தவறு. ஃபோட்டோஷாப் 2013-இல் சந்தா முறைக்கு மாறியது. ஆனால் பெர்க்லி மாணவர்கள் இருவர் தொடங்கிய கிம்ப் 1996 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. 2025-இல் வந்த அதன் 3.0 பதிப்பில் மூலப் படத்தைக் கெடுக்காமலே ஃபில்டர் போட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ‘ஓவியம் வரையத் தெரிய வேண்டும்’, ‘ஆங்கிலம் சரளமாக வேண்டும்’ என்பவை ஆரம்பிக்காமல் இருப்பதற்கான சாக்குகள். ஷார்ட்கட்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்கிற வகுப்பில் சேராதீர்கள். வேலை செய்தால் விரலுக்குத் தானே வரும்.

லேயரைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 1994-இல் ஃபோட்டோஷாப் 3.0-இல் அது வந்த பிறகுதான் அந்த மென்பொருளில் மூலத்தைத் தொடாமல் மேலே வேலை செய்வது எளிதானது. படத்தைத் திறந்ததும் அடிலேயரைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் தனி லேயரில் பெயர் எழுதிச் செய்யுங்கள். லேயர்களோடு ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி அல்லது கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் அனுப்புவதற்கு மட்டும். பூர்வீகப் படம் ஒன்றைத் திருத்திய பிறகு மூலத்தை அழித்துவிடும் பழக்கம் ஸ்டுடியோக்களில் இருக்கிறது. அது குடும்பத்தின் ஆவணத்தை அழிப்பது. திருத்திய படத்தின் அடியில் ‘கணினியில் திருத்தப்பட்டது’ என்று எழுதிக் கொடுப்பதில் எந்தக் கடைக்கும் கௌரவக் குறைவு இல்லை.

படமெடுக்கப் போகிறவர்களுக்கு இதையும் சொல்லியாக வேண்டும். பாறை ஓவியத்தின் நிறம் தூக்கலாகத் தெரிய வேண்டும் என்று அதன்மேல் தண்ணீர் தெளித்துப் படமெடுக்கும் வழக்கம் உண்டு. ஈரத்தில் சில நிமிடம் நிறம் தெளியும். தண்ணீரில் கரையும் உப்பு காய்ந்ததும் மேலே படியும், சாயம் தளர்ந்து உதிரும். சாக்பீஸால் கோட்டின்மேல் வரைந்து எடுப்பதும் அதே நாசம். வேறுபாட்டை இழுத்துக் காட்டும் வேலைக்கு மென்பொருள் இருக்கும்போது சுவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பனமலைக்குப் போகிறவர்கள் ஃபிளாஷை அணைத்துவிட்டு, முக்காலியில் நிறுத்தி, ராவில், ஓரத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து எடுங்கள். வெள்ளைச் சமன் அதிலிருந்து சரியாகக் கிடைக்கும். அங்கேயோ கீழ்வாலையிலோ யாராவது தண்ணீர் பாட்டிலைத் திறந்து சுவர்ப்பக்கம் போனால், தயவுசெய்து கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.