முதலப்பொழியில் நுழையும் முன்

கேரளத்தின் கழக்கூட்டத்திலிருந்து கடலோரமாக வடக்கே போனால், பெருமாதுறையைத் தாண்டும் இடத்தில் முதலப்பொழி. வாமனபுரம் ஆறும் கடினங்குளம் காயலும் கடலில் சேரும் முகத்துவாரம். மீன்பிடித் துறைமுகமும் அங்கேதான். தெற்கே விழிஞ்சம், வடக்கே தங்கசேரி, இரண்டும் சுமார் 20 கடல் மைல். முகத்துவாரத்தில் இரண்டு கல் தடுப்புச்சுவர்கள். பாய்மரப் படகில் கரையோரமாக வருகிறவருக்கு வரைபடத்தில் இதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். என் கட்சி வேறு: இப்படிப்பட்ட துறைமுகத்துக்குப் புறப்படுகிறவர், நுழையாமல் விலகிப் போகும் வழியைத்தான் முதலில் திட்டமிட வேண்டும். தடுப்புச்சுவர் இருந்தால் உள்ளே அமைதி இருக்கலாம். வாசலில் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கரையோரம் நகரும் மணல் சுவர்களுக்கிடையே வந்து தேங்குகிறது. ஆழத்திலிருந்து வரும் அலை அந்த மேட்டில் தட்டி எழும்பி உடைகிறது. வற்றத்தில் ஆற்றுநீர் எதிரே பாயும்போது இன்னும் செங்குத்தாகிறது. அறுபதுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இங்கே உயிரிழந்திருக்கிறார்கள். 2023 ஜூலையில் ஒரே விபத்தில் நால்வர். 2025 ஏப்ரலில் மணல் வாசலையே மூடிவிட்டது.

உள்ளூர்ப் படகுகள் தினமும் போய் வருகின்றனவே என்று கேட்கலாம். அவற்றின் அடி ஆழமில்லாதது. வெளிப்புற எஞ்சினை முடுக்கி ஓர் அலையின் முதுகிலேயே உள்ளே ஏறிவிடலாம். ஒன்றரை மீட்டர் ஏராக்கட்டையோடு ஐந்து நாட் வேகத்தில் வரும் பாய்ப்படகைப் பின்னால் வரும் அலை எட்டிப் பிடித்துவிடும். பின்பக்கம் தூக்கியதும் சுக்கான் பிடி விட்டு, படகு குறுக்கே திரும்பும். ஏற்றம் பார்த்து நுழைவது ஐரோப்பியக் கரைகளில் நல்ல யோசனை. இங்கே ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. கடல் கெட்டால் ஒதுங்க இடம் வேண்டாமா என்பதுதான் வலுவான கேள்வி. ஆனால் கடல் கெடும் வேளையில்தான் இந்த வாசல் மிக மோசம். அப்போது கரையை விட்டு விலகி நிற்பதே பத்திரம்.

ஆகவே, முடிந்தால் ஒருநாள் முன்பே தரைவழியாக வந்து, முதலப்பொழிப் பாலத்தில் நின்று ஏற்றமும் வற்றமும் பாருங்கள். கடலிலிருந்து அலையின் முதுகு மட்டுமே தெரியும்; உடைகிற முகம் கரையில் நிற்பவருக்குத்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாத நாளிலும் தென்கடலிலிருந்து கள்ளக்கடல் எனப்படும் பேரலை வந்து மோதும். ஐதராபாத்தின் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். காலையில் வெயில் எதிரே கண்ணைக் கூசவைக்கும், பிற்பகலில் கடல்காற்று ஏறும். நண்பகலை ஒட்டிய நேரமே தோது. வாசலில் ஒரு வெள்ளை நுரை தெரிந்தாலும் தெற்கே விழிஞ்சத்தை நோக்கித் திருப்பிவிடுங்கள்: வடமேற்குக் கடல்காற்று முதுகில் தள்ளும். விழிஞ்சத்தில் கொள்கலன் கப்பல்களுக்கு வழிவிட்டு, வானொலியின் 16ஆம் சேனலில் அனுமதி கேட்க வேண்டும். ஐந்து நாட் வேகத்தில் அங்கே போக நான்கு மணி நேரம். ஜனவரியில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறையும். அதனால் முதலப்பொழி வாசலில் யோசித்து நிற்க பிற்பகல் இரண்டு மணி வரைதான் நேரம்.